அழாத குட்டி

கைராசி சிஸ்டர் என்றால் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது மாடியில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று இருக்கிற வார்டில் முப்பத்தோரு வருஷமாக நர்ஸ். ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் பாக்கி. குட்டையான உருவம், வேகமான நடை, அதைவிட வேகமான வாய். டாக்டர்களில் பாதிப் பேரை "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். மீதிப் பேரை அவர்கள் எதிரில் இருக்கும்போது மட்டும் "டாக்டர்" என்பாள்.

இந்தப் பட்டம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் தொள்ளாயிரம் கிராமில் ஒரு பையன் பிறந்தான். பெரிய டாக்டர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். இவள் விடவில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் தாய்ப்பாலை எடுத்து, இரண்டு மணிக்கொரு தடவை, சொட்டுச் சொட்டாக நாற்பத்து மூன்று நாள் ஊட்டினாள். பையன் பிழைத்தான். பிழைத்ததோடு நிற்காமல் ஆறடிக்கு வளர்ந்து இப்போது பஸ் ஓட்டுகிறான். சாலையில் இவளைப் பார்த்துவிட்டால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் பிரேக் போடுவான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து வார்டுக்கு வருகிற தாய்மார்களுக்கெல்லாம் ஒரே வேண்டுதல்தான். "சிஸ்டர், நீங்க ஒரு தடவ தொட்டுக் குடுத்துடுங்க." அதெல்லாம் சும்மா பேச்சு என்று வெளியே சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

வார்டுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு அவள் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் ஒன்றே ஒன்றுதான். "அழுற பிள்ளைய மெதுவாப் பாத்துக்கலாம். அழாத பிள்ளைகிட்டதான் ஓடணும்." வீறிடுகிற குழந்தைக்கு நெஞ்சில் காற்று இருக்கிறது, கோபித்துக்கொள்ளத் தெம்பு இருக்கிறது. சத்தமில்லாமல், அசையாமல், கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கிறதே, அதுதான் கைநழுவிப் போகப் பார்க்கிற பிள்ளை. உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். அதற்கும் அழவில்லையென்றால் மணியை அடித்துவிட்டு, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்தப் பாடம் அவளுக்கு மண்டையில் இருப்பதைவிடக் கையில் இருந்தது. கடைசியில் அதுவே வினையாகப் போயிற்று.

அன்றைக்கு இரவு டியூட்டி முடிந்து, காலை ஏழே முக்காலுக்குப் பின்வாசல் வழியாக இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே பெரிய புல்தரை. மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டலும் புதரும். மதிலின் அடியில் மழைத்தண்ணீர் போக ஒரு துவாரம் உண்டு. தோட்டக்காரர் புல் வெட்டும் மிஷினை அணைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் இங்க வந்து பாருங்களேன்."

முழங்கால் உயரப் புல்லுக்குள் சின்னதாக ஒரு பள்ளம். அதில் இரண்டு முயல் குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. வீட்டில் வளர்க்கிற வெள்ளை முயல் இல்லை, காட்டு முயல். காய்ந்த புல்லின் நிறம், முதுகோடு படிந்த காது, முழுசாகத் திறந்த கண்.

"இன்னும் ரெண்டடி போயிருந்தா மிஷின் ஏறியிருக்கும்," என்றார் தோட்டக்காரர்.

"தாய் எங்க?"

"காணோமே. ஆறு மணிலேர்ந்து நான் இங்கதான் இருக்கேன். ஒன்னும் வரல."

கைராசி முட்டி போட்டு உட்கார்ந்தாள். குட்டிகள் ஓடவில்லை, கத்தவில்லை, மீசைகூட ஆடவில்லை. சின்னதின் பின்னங்காலைப் பிடித்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். சத்தமில்லை. இன்னொரு சுண்டு. அப்போதும் இல்லை. பெரியதற்கும் அதே கதைதான்.

"அழவே மாட்டேங்குதே."

"முயல் அழுமா சிஸ்டர்?"

"பசிச்சா அழாத குட்டி எங்கயாவது உண்டா? ரெண்டும் போற நிலைமையில இருக்கு."

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "இதுங்களை இப்படியே விட்டுட்டு, இந்தப் பக்கத்த அடுத்த வாரம் வெட்டிக்கலாமான்னு பாத்தேன்."

"விட்டுட்டா? சாயங்காலத்துக்குள்ள எறும்பு இழுத்துட்டுப் போயிடும். நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க பாட்டுக்கு வெட்டுங்க."

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆனால் கைராசி ஒன்று சொன்ன பிறகு எதிர்த்துப் பேச அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குத் தைரியம் இருக்கிறது? தன் பையிலிருந்து டிபன் பாக்ஸை வெளியே எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். பைக்குள் துண்டை விரித்துக் குட்டிகளை வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பத்தடி போவதற்குள் பின்னால் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வீடு ஊழியர் குடியிருப்பில், நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். கணவர் அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். ஜெனரேட்டர் அறையும் அத்தனை விளக்குகளும் அவர் பொறுப்பு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருவர் மட்டும்தான். மனைவியை வேடிக்கைக்கு "சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் இவர்களை அண்ணன் தங்கை என்று நினைத்து, பிறகு உண்மை தெரிந்து அசடு வழிந்ததுண்டு.

"என்ன சிஸ்டர், பையக் கட்டிப் பிடிச்சுட்டு வர்றீங்க? உள்ள யாரு, ஆணா பொண்ணா?"

"விளையாடாதீங்க. முதல்ல அடுப்புல வெந்நீர் வைங்க. அப்புறம் மெடிக்கலுக்கு ஓடிப்போய் குழந்தைப் பால் பவுடர் ஒரு சின்ன டின் வாங்கிட்டு வாங்க."

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "காட்டுல கிடக்கிற ஜீவன். இதப் பத்தி நமக்கு என்ன தெரியும்? யாரையாவது ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"முப்பத்தோரு வருஷமா நான் அங்க கோலிகுண்டா விளையாடிட்டு இருக்கேன்?"

அதற்கு மேல் பேசினால் தன் காலை டிபனுக்கே ஆபத்து என்று அவருக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் திரும்பி வருவதற்குள் சமையல் மேடை வார்டாகிவிட்டது. வெந்நீர் நிரப்பிய பாட்டில் துணி சுற்றித் தயார். அட்டைப்பெட்டி தயார். கொதிக்கவைத்த சிரிஞ்ச் தயார். பாலைக் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். எடை குறைந்த பிள்ளைக்குத்தான் முதல் பால் என்பது வார்டு வழக்கம். சின்னதை எடுத்தாள். இடது முழங்கை மடிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்த இடம் அது. வாயோரத்தில் ஒரு சொட்டு விட்டாள். குட்டி நக்கியது.

"பாத்தீங்களா, எடுத்துக்குது."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குட்டி அவசரமாக விழுங்கியது. ஒரு மில்லி போயிற்று, ஒன்றரை போயிற்று. மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு குமிழ் வந்து உடைந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு, தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு விரலால் தட்டிக்கொடுத்தாள். ஏப்பம் வர வேண்டுமாம். முயல் எங்கே ஏப்பம் விடும்? ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது முயலாகத் தெரியவில்லை.

பெரியதை எடுக்கக் கையை நீட்டியபோது கணவர் மெதுவாகக் கேட்டார். "மூக்குல வந்துச்சே, அது பாலா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. வார்டில் ஒரு புதுப் பெண் பால் கொடுக்கும்போது குழந்தையின் மூக்கில் குமிழ் வந்திருந்தால், அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். பையிலிருந்து குழந்தைகளுக்கான சின்ன ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் குட்டியின் விலாவில் வைத்தாள். எண்ண முடியாத வேகத்தில் இதயம். அதற்கு அடியில், ஒவ்வொரு மூச்சுக்கும், நொறநொறவென்று ஒரு மெல்லிய சத்தம். அது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காதிலிருந்து கருவியைக் கழற்றிய பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

"மெடிக்கல்காரர் ஒரு நம்பர் குடுத்தார்," என்றார் கணவர். "காட்டு ஜீவன்களக் காப்பாத்துறவங்களாம். கேளுங்கன்னு சொன்னார். போட்டுத் தரவா?"

இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை.

போனில் பேசியவனுக்குச் சின்ன வயசுக் குரல், பொறுமையான குரல். ஒவ்வொன்றாகக் கேட்டான். எங்கே கிடந்தது? காயம் இருந்ததா? ஈ மொய்த்ததா? உடம்பு சில்லிட்டிருந்ததா? பக்கத்தில் பெரிய முயல் செத்துக் கிடந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அப்ப எதுக்கும்மா எடுத்தீங்க?"

"தாயக் காணோம். அதோட ரெண்டும் அழவும் இல்ல, அசையவும் இல்ல."

"முயல் பகல்ல குட்டிகிட்ட இருக்காதும்மா. பக்கத்துல இருந்தா அதோட வாசனைக்கு நாயும் பூனையும் வந்துடும்னு தூரமாப் போயிடும். பொழுது சாஞ்சதும் ஒரே ஒரு தடவ வந்து பால் குடுத்துட்டுத் திரும்பப் போயிடும். அதுவரைக்கும் குட்டி மூச்சுக் காட்டாம கிடக்கும். அசையாம கிடந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். கத்துனாத்தான் பயப்படணும்."

கைராசி சமையல் மேடையில் கிடந்த சிரிஞ்சைப் பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பால் ஏதும் குடுத்துட்டீங்களா?"

"ஒன்னுக்கு."

"எப்படிப் பிடிச்சுக் குடுத்தீங்க?"

"மல்லாக்க."

அவன் அதே பொறுமையோடு, நாலு காலில் நிற்கிற மாதிரி குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும், மல்லாக்க வைத்தால் பால் நேராக நெஞ்சுக்குப் போய்விடும் என்றான். "நிறையப் பேர் இந்தத் தப்பப் பண்றாங்கம்மா. குழந்தைக்குக் குடுத்த பழக்கம்." அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தான் யார் என்று அவனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூசியது.

"இப்ப நான் என்ன பண்ணணும்? ரப்பர் பல்பு வச்சு உறிஞ்சி எடுக்கவா? ஆக்ஸிஜன் வச்சா?"

"எங்க வண்டி அங்க வர்றதுக்கே நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதுல பலன் இல்ல. நீங்க வண்டில குலுக்கிக் கொண்டு போனா பயத்துலயே செத்துடும். இருட்டான பெட்டில வச்சு, தொடாம விடுங்க. வேற ஒன்னும் குடுக்காதீங்க. தாங்கினா தாங்கும்."

"ஒன்னுமே பண்ணக் கூடாதா?"

"பண்ணாம இருக்கிறதுதான்மா இப்ப பண்ண வேண்டியது. இன்னொரு குட்டி நல்லா இருக்குல்ல? அதப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்த இடத்துலயே வச்சிடுங்க. மனுஷக் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. வரும். ஆனா அதே இடமா இருக்கணும். பத்தடி தள்ளி வச்சாக்கூடச் சந்தேகம்தான்."

அதே இடம் என்றதும் காதில் அந்த மிஷின் சத்தம் கேட்டது. நீங்க பாட்டுக்கு வெட்டுங்க என்று சொன்னது யார்? இவள்தான்.

குட்டிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து மூடினாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். இரவு முழுக்கக் கண் விழித்த உடம்பு. தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் சின்னதின் பெட்டியைத் திறக்கக் கை வைத்தாள். இன்னொரு கையில் ரப்பர் பல்பு.

"தொட வேண்டாம்னு சொன்னாங்கல்ல?" என்றார் கணவர்.

"மூச்சு முட்டிட்டு இருக்கு உள்ள. எனக்குத் தெரியும். நான் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"ஆமா சிஸ்டர். சும்மாதான் உக்காந்திருக்கணும்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பல்பை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை அவள் கேட்ட நாட்கள் ரொம்பக் குறைவு, அன்று கேட்டாள்.

ஒன்று பத்துக்குத் திறந்து பார்த்தாள். குட்டி காலையில் புல்லுக்குள் கிடந்த மாதிரியே கிடந்தது. அதே திறந்த கண், அதே படிந்த காது. விலா மட்டும் ஏறி இறங்கவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு உள்ளங்காலை ஒருமுறை சுண்டினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கத்தில் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. வார்டில் நேரத்தை எழுதி வைக்க வேண்டும். இங்கே எழுத ஒரு காகிதமும் இல்லை, கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்லா இருந்த குட்டி. அதன் அம்மா எங்கோ ஒரு புதரில் பொழுது சாய்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அனாதையாக இல்லாததை எடுத்து வந்து அனாதையாக்கி, பிறகு கொன்றும்விட்டோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். கணவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனார்.

நாலரை மணிக்கு இரண்டாவது பெட்டியைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போனாள். பயந்தது சரியாகப் போயிற்று. புல்தரை முழுக்க ஒட்ட வெட்டி, மதில் ஓரம் வரை மொட்டையடித்தாகிவிட்டது. வெட்டிய புல் மூன்று சாக்கில் கட்டி வைத்திருந்தது. தோட்டக்காரர் இந்த வருஷம் இவ்வளவு சுத்தமாக வெட்டியதே இல்லையாம். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்கதான வெட்டச் சொன்னீங்க சிஸ்டர்."

"நான்தான் சொன்னேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அந்த இடம் எது, அத மட்டும் காட்டுங்க."

அதுதானே தெரியவில்லை. துவாரத்திலிருந்து எட்டுக் காலடி என்றார் தோட்டக்காரர். பன்னிரண்டு என்றாள் இவள். ஜெனரேட்டர் அறையிலிருந்து வந்த கணவர், காலையில் தான் அந்த இடத்திலேயே இல்லை என்பதை மறந்துவிட்டு, இரண்டும் இல்லை என்றார். மூன்று பேரும் குனிந்து குனிந்து நடந்தார்கள். பள்ளம் என்று பார்த்தால் எல்லா இடமும் பள்ளமாகத் தெரிந்தது, இல்லையென்று பார்த்தால் எங்கேயும் இல்லை. இதற்குள் சூரியன் மதில் மேல் வந்துவிட்டது. கடைசியில் தோட்டக்காரர் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, காலையில் ஓட்டிய மாதிரியே ஓட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் நின்றார். "இங்கதான் நிறுத்தின மாதிரி இருக்கு," என்றார். மாதிரிதான். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

சாக்கை அவிழ்த்துப் புல்லைக் கொட்டிக் குவித்தார்கள். கைராசி முஷ்டியால் அதில் ஒரு குழி செய்து, பெரியதை வைத்து, மேலே கொஞ்சம் புல்லைப் போர்த்தினாள். குட்டி அசையவில்லை. அது நல்லதா கெட்டதா என்று சொல்ல அவளிடம் இப்போது எந்தப் பாடமும் இல்லை.

போகலாம் என்று திரும்பும்போது தோட்டக்காரர் மேலே பார்த்தார். மதில் கம்பத்தில் பெரிய விளக்கு. ஆறரைக்குத் தானாக எரியும். எரிந்தால் கீழே விழுந்த குண்டூசியைக்கூடப் பொறுக்கலாம். "இத்தன நாளும் புல்லு மறைச்சுது. இப்ப மொட்டத் தரை. இவ்வளவு வெளிச்சத்துல அது எப்படி வரும்?"

"அணைச்சிடறேன்," என்றார் கணவர். "யாராவது கேட்டா பல்பு போயிடுச்சுன்னு சொல்லிக்கறேன்." ஒரு பல்பு போன விஷயத்தில்கூடப் பொய் சொல்லி அறியாத மனிதர். பிறகு மனைவியைப் பார்த்தார். "ஆனா அணைச்சா உனக்கு ஒன்னும் தெரியாது. வந்துச்சா வரலையான்னு."

அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போலத்தான் இருந்தது. அதற்காகத்தான் தூங்காமல் வந்திருந்தாள்.

"அணைச்சிடுங்க," என்றாள்.

அன்றைக்கும் இரவு டியூட்டிதான், எட்டு மணிக்கு. புல்தரையைப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. அது வார்டு வாசலில், தாய்மார்கள் காத்திருக்கிற பெஞ்சுக்கு எதிரில். கைராசி போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரும்பு பெஞ்சு, சில்லென்று இருந்தது. ஒரு கால் குட்டை, உட்கார்ந்தால் ஆடியது. இது ஆடும் என்று இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது.

பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பையன் ஆயிரத்து நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோராவது நாள். முந்தாநாள்தான் இந்தப் பெண் உள்ளே வரட்டுமா என்று கதவைத் தட்டியபோது, "நீ உள்ள வந்து என்னம்மா பண்ணப் போற? வெளிய உக்காரு, நாங்க பாத்துக்கறோம்," என்று கைராசி சொல்லி அனுப்பியிருந்தாள். முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. இப்போது சிஸ்டர் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு உதறல் எடுத்துவிட்டது.

"என் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா சிஸ்டர்?"

"உன் பிள்ளை நல்லா இருக்கான்மா. நான் வேற ஒன்னுக்காக உக்காந்திருக்கேன்."

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள், மல்லாக்கப் படுக்கவைத்ததையும் சேர்த்து. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே புல் குவியல் முதலில் பச்சையாகத் தெரிந்தது, பிறகு கறுப்பாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஆறரை ஆயிற்று. விளக்கு எரியவில்லை. கண்ணாடியில் இவர்கள் இரண்டு பேர் முகம்தான் தெரிந்தது.

"வந்துடும் சிஸ்டர்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எங்க அம்மா எனக்குத் தினமும் போன்ல இப்படித்தான் ஏதாவது சொல்லும். அதான் நானும் சொன்னேன்."

கைராசிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே ஏதோ மணி அடித்தது. யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தினம் இப்படித்தான் சிஸ்டர். மணி அடிக்கும், ஓடுவாங்க. என் பிள்ளைக்கா, வேற பிள்ளைக்கான்னு தெரியாது. யாராவது கதவத் திறந்து சொன்னாத்தான்."

அந்தக் கதவைத் திறந்து சொன்ன ஞாபகம் கைராசிக்கு அதிகம் இல்லை. உள்ளே வேலை இருக்கும். எப்போதும் இருக்கும். இருட்டிய ஜன்னலைப் பார்த்தபடி, எட்டு மணி அடிக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் கீழே ஓடினாள். தோட்டக்காரர் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். குவியல் அப்படியே இருந்தது. குழி காலி. ரத்தம் இல்லை, ரோமம் இல்லை. மேலே போர்த்திய புல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"தாய்தான் வந்திருக்கும் சிஸ்டர்," என்றார் அவர்.

"கேன்டீன் பூனையும் வந்திருக்கலாம்."

அவர் தரையைப் பார்த்தார்.

முந்தின நாள் போனில் பேசிய பையனுக்கு மறுபடி போன் போட்டாள். ரத்தம் இல்லையென்றால் நல்ல விஷயம்தான், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றான். "பால் குடிச்சதும் குட்டியே நகந்து போய் வேற எங்கயாவது படுத்திருக்கலாம். தேடாதீங்கம்மா. தேடுனா மிதிச்சாலும் மிதிச்சிடுவீங்க." துவாரத்துக்கு அந்தப் பக்கம் பொட்டல் முழுக்கப் புதர், ஒவ்வொரு புதரின் அடியிலும் காய்ந்த புல் நிறம். தேடக் கூடாது என்றால் தேடக் கூடாதுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மாடியேறினாள்.

பெஞ்சில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். இரவெல்லாம் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது கதவு வழியாகக் கேட்டிருக்கிறது. "சிஸ்டர், எல்லாரும் சொல்றாங்க உங்க கை ராசின்னு. ஒரே ஒரு தடவ அவனத் தொட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"வா. வந்து கையக் கழுவு."

"நானா?"

"நீதான். முழங்கை வரைக்கும். ரெண்டு நிமிஷம்."

கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்: தடவாதே, தட்டாதே, சும்மா வை. பிள்ளை கீச்சுக்குரலில் கத்திக்கொண்டிருந்தான். அம்மாவின் உள்ளங்கை அவன் முதுகை மூடியது. இரண்டு மூன்று விக்கல். பிறகு சத்தம் அடங்கிவிட்டது.

"சிஸ்டர்." அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "சத்தமே காணோம். அசையக்கூட இல்ல. ஏதாவது ஆயிடுச்சா?"

கைராசியின் கை தானாக உயர்ந்தது. விரல் சுண்டுவதற்கு மடங்கியும் விட்டது. அதைக் கீழே இறக்கி, சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, குனிந்து அவன் விலாவைப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நெடுநேரம் பார்த்தாள்.

"ஒன்னும் ஆகல," என்றாள். "சும்மா இருக்கான். அப்படியே விடு."